இரும்பும் தோலும்

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் ஷாமியானா வரும், அடுத்து ஐஸ் பெட்டி, அதற்கடுத்து சட்டி. சட்டி என்றால் குழம்பு வைக்கிற சட்டி இல்லை. இடுப்போடு கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்கிற மேளம். பறைக்காரர் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே சட்டிக்காரர் ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிடுவார். அந்த முதல் அடி கேட்டதும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடும். இனி படிக்க முடியாது என்பது ஒரு காரணம். பாயில் உட்கார்ந்திருக்கும்போதே கால் ஆட ஆரம்பித்துவிடும் என்பது இன்னொன்று. செத்தவர் யார் என்று விசாரிப்பதற்கு முன்பே கால் ஆடுகிறதே என்று சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தச் சட்டி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்து மேடையில் ஏறியது. பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம் செட். பாடியவர்கள் கோட்டு சூட்டு போட்டிருந்தார்கள். எதிரே ஆயிரக்கணக்கில் ஜனம். பிணம் மட்டும் இல்லை. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற பத்தொன்பது பேர் கொண்ட இசைக்குழுவின் முதல் கச்சேரி அது. பிறகு ‘மகிழ்ச்சி’ என்ற ஆல்பமாக அந்தச் சத்தம் போனுக்குள் வந்து உட்கார்ந்தது. தெருமுனையில் கிளம்பியது ஆல்பம் வரைக்கும் எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழியில் பாதி கடல் வழி. கப்பலில் வந்து இறங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருவொற்றியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன். ஊர்க்காரர்களுக்குச் சங்கு. எந்தக் கம்பெனிச் சங்கு எப்போது ஊதும் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் கடிகாரமே வேண்டாம். விம்கோ தீப்பெட்டி, கார்போரண்டம், எம்.ஆர்.எஃப். டயர், கே.சி.பி.; இன்னும் வடக்கே போனால் எண்ணூரில் அசோக் லேலண்ட். இவற்றின் நடுவில் என்ஃபீல்டு. இந்திய ராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட் தேவைப்பட்டதில் தொடங்கிய உறவு அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்தன. முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களைச் செய்கிற கருவிகளே வந்தன. 1967இல் அங்கே, ரெட்டிச் என்ற ஊரில் இருந்த தாய் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். தாய் போய்ச் சேர்ந்த பிறகும் திருவொற்றியூரில் பிள்ளை புல்லட் செய்துகொண்டே இருந்தது. அந்த ‘டுபுடுபு’வை இன்று உலகமே காசு கொடுத்து வாங்குகிறது.

ரெட்டிச் இருப்பது பர்மிங்காமுக்குத் தெற்கே. ஏறக்குறைய நம் ஊரில் இருந்து பொன்னேரிக்குப் போகிற தூரம். பர்மிங்காமுக்குள் ஆஸ்டன் என்றொரு பகுதி. ஆலை, புகை, ஒட்டி ஒட்டி வீடு. தண்டையார்பேட்டையைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். அங்கே டோனி அயோமி என்று ஒரு பையன். பதினேழு வயதில் தகடு வேலை ஆலையில் இருந்தான். கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று வேலையை விட்டு நின்ற கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை என்றான். வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவன் வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எந்திரம் எடுத்துக்கொண்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவன், ஆகவே தந்தியை அழுத்துகிற கை அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு எதிர்வீட்டுப் பெரியப்பா ஞாபகம் வந்தார். ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அவருடைய ஆள்காட்டி விரலில் பாதி போயிருந்தது. பீடியைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிப்பார். நஷ்டஈடு எவ்வளவு வந்தது என்று கேட்டால் விரலைக் காட்டிச் சிரிப்பார். அவர் கிட்டாரைத் தொட்டதில்லை. சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார், பெஞ்சில் தாளம் தட்டுவார். பாதி விரல் பலகையில் விழுகிற சத்தம் மற்ற விரல்களின் சத்தத்தைவிடக் கட்டையாக இருக்கும். கூட்டத்தில் நாலு பேர் தட்டினாலும் அவர் தட்டு தனியாகத் தெரியும்.

அயோமி என்ன செய்தான்? பாத்திரம் கழுவுகிற திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி அதன்மேல் ஒட்டினான். தடித்த தந்தியை அழுத்த முடியவில்லை, மெல்லிய தந்தி போட்டான். பின்னால், 1971இல், மூன்றாவது ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த சத்தத்துக்கு எத்தனையோ விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒரு விளக்கமே போதும். பிளாஸ்டிக் தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் சேர்ந்து தொடங்கிய குழு பிளாக் சப்பாத். அதன் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் பாட வருவதற்கு முன் இறைச்சிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். அதற்கும் முன்னால் லூகாஸ் ஆலையில் கார் ஹாரனுக்குச் சுருதி சரிபார்க்கிற வேலை. ஆமாம், பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ்ஸின் பெயரில் பாதியைக் கொடுத்த அதே லூகாஸ். நாள் முழுக்க ஹாரன் கேட்டவனின் காது எப்படி இருக்கும் என்று மணலி சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில் பதிவானது. நாலு பேரும் கச்சேரியில் வாசிக்கிற மாதிரியே வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தது. தொடக்கத்தில் மழை, இடி, தூரத்தில் மாதாகோயில் மணி. அப்புறம் கிட்டாரில் மூன்றே சுரம், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பாரமாக. சுருக்கமாகச் சொன்னால் ஒரு சாவு ஊர்வலம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆலைக்குப் போகிற பையன்கள் பத்திரிகையைப் பார்த்து ரெக்கார்டு வாங்குகிறவர்கள் இல்லை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் எட்டாவது இடத்துக்கு வந்தது.

அந்த மாதிரிச் சத்தம் வடசென்னைக்கு வந்த வாசல் பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் துறைமுகத்துக்கு எதிரே கடற்கரைச் சாலையில் உருவான கடைகள். எங்கள் பெரியம்மா மகன் அங்கே கேசட் வாங்குவான். அட்டைப் படம் ஜெராக்ஸ் எடுத்தது போல மங்கலாக இருக்கும், பாட்டின் பெயர் தப்பாக அச்சாகியிருக்கும், இரண்டாவது பக்கத்தில் வேறு யாரோ பாடுவார்கள். ஒருநாள் அவன் சப்பாத் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியப்பா வாசலில் நின்று கேட்டார். “யார்ரா செத்தது?” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். லெஸ்டர் பேங்ஸ் எழுதியதைவிட அது நல்ல விமர்சனம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெள்ளைக்காரன் வாத்தியத்தை இந்தப் பக்கம் கேட்பது புதிதும் அல்ல. இருநூறு வருஷத்துக்கு முன் மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. பிள்ளைகள் கோட்டைக்குப் போய்க் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு கேட்டார்கள். முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பி பாலுசாமி வயலின் கற்றுக்கொண்டார், கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்தது. தியாகராஜரும் வந்து திருவொற்றியூர் அம்மன்மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். ஐந்து பாட்டு, ஒரே தெய்வம், ஒரே ஊர். இந்தக் காலமாக இருந்தால் அதையும் ஆல்பம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கச்சேரி நடந்த கூடத்துக்கு வெளியே நின்று பறை அடித்தவர்கள் இருந்தார்களே, அவர்களுடைய வாத்தியத்துக்கு யாரும் சாகித்தியம் எழுதவில்லை. அவர்களே எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் கானா.

கானாவுக்குப் பல பிறப்புக் கதை உண்டு. எனக்குப் பிடித்தது சாவு வீட்டுக் கதை. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். அழுது ஓய்ந்த பிறகும் விடிய நாலு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு ஒருவர் பாட வேண்டும். செத்தவர் எப்படிக் குடித்தார், யாரைக் காதலித்தார், துறைமுகத்தில் எத்தனை மூட்டை தூக்கினார் என்று பாட்டுக் கட்ட வேண்டும். கடைசியில் உடம்பு என்பது என்ன என்ற இடத்துக்கு வந்து சேர வேண்டும். உடம்பின் நிலையாமையைப் பாடித் தீர்த்த பட்டினத்தார் அடங்கியிருப்பது எங்கள் ஊர்க் கடலோரத்தில்தான். மரண கானா பாடுகிறவர்களை அங்கிருந்து கூப்பிடு தூரத்திலேயே பார்க்கலாம்.

சாவு வீட்டை விட்டால் கானாவின் அடுத்த மேடை பேருந்து. கல்லூரிப் பையன்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிப் பாடுவார்கள். கண்டக்டர் விசில், தகரம், நாற்பது தொண்டை. ஹெவி மெட்டல் என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் பர்மிங்காமில்கூடக் கிடையாது.

சினிமா கானாவைக் கூப்பிட்டது. தேவா இசையில் நிறைய வந்தன. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் திரையிலேயே தோன்றினார். 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடினார். ஆனால் சினிமாவில் பெரும்பாலும் கானா ஒரு குடிகாரனின் வாயிலோ, கதாநாயகனின் தோழர்கள் ஆடுகிற இடத்திலோதான் இருக்கும். அதைப் பாடியவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைத்ததில்லை. மெட்டு வேண்டும், ஆள் வேண்டாம்.

2017 கடைசியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ டென்மாவும் சேர்ந்து ஆள் எடுத்தார்கள். டென்மா ‘குரங்கன்’ என்ற குழுவில் கபேர் வாசுகியோடு தமிழில் சுயாதீன இசை செய்துகொண்டிருந்தவர். ராக்கும் தெரியும், தமிழும் தெரியும். ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்று புதிய குழுவுக்குப் பெயர் வந்தது அயோத்திதாசப் பண்டிதரிடம் இருந்து. நூறு வருஷத்துக்கு முன்பே சாதியற்ற தமிழர் என்று தன் மக்களை அழைத்தவர் அவர். இராயப்பேட்டையில் இருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை நடத்தியவர். கானா பாடகர்கள், ராக் வாத்தியக்காரர்கள், சட்டி, பறை, கட்ட மோளம் அடிப்பவர்கள், மும்பைத் தாராவியில் இருந்து ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவின் தமிழ் ராப்பர்கள். அரக்கோணத்துக்காரர் அறிவு எழுத்தோடு வந்தார். பெண் குரலுக்கு ஒருவர்தான், இசைவாணி.

இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்த்து ஆல்பம் செய்வதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டமே சட்டிதான். கிட்டாருக்குச் சுருதித் திருகாணி இருக்கிறது, திருகினால் சரியாகிவிடும். பறையின் சுருதியைத் தீர்மானிப்பது நெருப்பும் காற்றின் ஈரமும். கடற்கரை ஊரில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கிவிடும். ஸ்டூடியோவில் குரலுக்கு வைத்த மைக்கில் சட்டிதான் முதலில் போய் உட்காரும். கானா பாடுகிறவர் காதில் கிளிக் சத்தம் கேட்டுப் பாடிப் பழகியவர் இல்லை. கூட்டம் கை தட்டினால் ஒரு வரியை மூன்று தடவை பாடுவார், யாராவது அழுதால் நிறுத்துவார். ராக் டிரம்மர் எண்ணிக்கொண்டு வருவார்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கானாக்காரர் எண்ணுவதே இல்லை. எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். இரண்டு வகைப் பாட்டாளியை ஒரு ஷிப்டில் போட்ட மாதிரி.

அது எப்படித் தீர்ந்தது என்பது காதுக்கே தெரிகிறது. தாளத்தின் அஸ்திவாரம் சட்டியிடமும் மோளத்திடமும் இருக்கிறது. கிட்டார் அதன்மேல் ஏறி நிற்கிறது. ‘ஃப்யூஷன்’ என்று மார்கழியில் விற்கிற சரக்கில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். மேற்கத்திய சட்டகத்தில் நம் வாத்தியம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கப்படும். இங்கே ஊறுகாய் கிட்டார்தான். சில இடங்களில் அது நல்ல ஊறுகாய், சில இடங்களில் வெறும் காரம்.

‘மகிழ்ச்சி’ என்ற தலைப்பை விளக்கத் தேவையில்லை. 2016இல் வந்த ‘கபாலி’யில் ரஜினி சொன்ன ஒற்றைச் சொல் அது. பிறகு வணக்கத்துக்குப் பதிலாகவே பலர் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாட்டுகளின் பொருள் மட்டும் மகிழ்ச்சி இல்லை. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை, வடசென்னை, அம்பேத்கர். நேராகவே சொல்கிறேன், சில பாட்டுகளில் கோஷம் பாட்டை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. துண்டறிக்கைக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கிற வரிகள் உண்டு. ஆனால் வடசென்னையைப் பற்றிப் பாடும்போது அந்தக் குறை காணாமல் போகிறது. எங்கள் ஊரைப் பற்றிச் சினிமா சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றலாம். அந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொள்கிறேன்.

வரவேற்பு இரண்டு விதம். ஆங்கிலப் பத்திரிகைகள் கொண்டாடின. டெல்லியிலும் மும்பையிலும் பேசினார்கள். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் என்று உலகம் ஆச்சரியப்பட்டது. அதே வருஷம் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்காரர்களின் மாதத்தில் பறைக்கும் சட்டிக்கும் ஒரு மேடை. என் கணக்கில் ஆல்பம் செய்த பெரிய வேலை அதுதான். சாவுக்கு மட்டும் கூப்பிட்ட வாத்தியத்தைச் சங்கீத சீசனுக்குக் கூப்பிட வைத்தது.

இன்னொரு விதம், பதிலடி. 2018இல் சபரிமலைத் தீர்ப்பு வந்த காலத்தில் இந்தக் குழு மேடையேற்றிய ஐயப்பன் பாட்டு ஆறு வருஷம் சும்மா கிடந்தது. 2024 நவம்பரில், மாலை போடுகிற மாதத்தில், யாரோ அதைத் தோண்டி எடுத்தார்கள். புகார், கண்டனம், மிரட்டல் எல்லாம் எழுதிய கையை விட்டுவிட்டுப் பாடிய இசைவாணிமேல் வந்து விழுந்தன. பாட்டு கோயில் நுழைவை மட்டும் பற்றியதல்ல என்று நீலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. 2021 மார்ச்சில் அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் உடன் பாடிய தீயும், ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு அட்டை வந்தது. பர்மிங்காம் பையன்களைத் திட்டிய அதே பெயர் கொண்ட பத்திரிகை. அவர்களைத் திட்டவாவது ஆல்பத்தைக் கேட்டது, இவரைப் பார்க்கவே மறந்தது.

ஓஸி 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், பழைய நண்பர்களோடு கடைசியாகப் பாடினார். நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழாம் நாள், ஜூலை 22 அன்று இறந்துபோனார். ஊரே தெருவில் நின்று வழியனுப்பியது. சவ வண்டிக்கு முன்னால் ஒரு பித்தளை பேண்டு வாசித்துக்கொண்டே போனது. அந்தக் காணொளியைப் போனில் பார்த்தபோது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. சட்டி மட்டும்தான் குறைந்தது.

எதிர்வீட்டுப் பெரியப்பா அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார். அவருக்குப் பாட வந்தவர்கள் அவருடைய பாதி விரலைப் பற்றியும் ஒரு பாட்டுக் கட்டினார்கள். யாரும் பதிவு செய்யவில்லை.

‘மகிழ்ச்சி’ கேட்பதாக இருந்தால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சட்டி எப்படியும் தப்பித்து வெளியே வந்துவிடும். கட்ட மோளமும் பேஸ் கிட்டாரும் உள்ளேயே அமுங்கிவிடும்.